38 வயதில் நாலு கோடு நோட்டு

காட்பாடியிலிருந்து ராணிப்பேட்டைக்கு தினமும் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். ஷூவின் மேல்பாகம் தைக்கிற யூனிட்டில் செக்கர் வேலை. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எந்தப் பக்கம் போனாலும் தோல் வேலையில் இருக்கிற ஒரு சொந்தக்காரர் நமக்கு இருப்பார். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தைத்து வருகிற ஒவ்வொரு அப்பரையும் கையில் எடுத்து, தையல் சீராகப் போயிருக்கிறதா, ஓரம் ஒழுங்காக மடிந்திருக்கிறதா, தோலில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது அடுத்த செக்‌ஷனுக்குப் போகும். குறை இருப்பதை நிறுத்தி ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். ரெஜிஸ்டர் ஆங்கிலத்தில்.

நான் படித்தது கே.வி.குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில், தமிழ் வழியில். ஆங்கிலம் படிப்பேன், எழுதுவேன். ஆனால் எழுத்தெல்லாம் தனித்தனியாக நிற்கும், அச்சில் இருப்பது போல. கூட்டெழுத்து, அதாவது கர்சிவ், எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பெரிய குறையாகவும் எனக்குத் தோன்றியதில்லை, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் வரைக்கும்.

அப்போது நான் வேறொரு யூனிட்டில் இருந்தேன். காலை ஷிஃப்டுக்குப் போனதும் முந்தின ஷிஃப்டு மேற்பார்வையாளர் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு லாட் நம்பர், அதாவது ஒரு தொகுதி சரக்கின் எண், அதற்குப் பக்கத்தில் 'ஸ்டிட்ச்' என்ற வார்த்தை, அப்புறம் ஒரு நெளிவு. அந்த நெளிவின் கடைசிப் பாதி 'ஈவன்' என்று புரிந்தது. முன்பாதியை எஸ் என்று எடுத்துக்கொண்டேன். 'செவன்'. சரி, ஏழு ஜோடியில் தையல் கோளாறு போல என்று தேடித் தேடி ஏழு ஜோடியை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை அனுப்பிவிட்டேன். அவர் எழுதியிருந்தது 'அன்ஈவன்'. தையல் ஏற்ற இறக்கமாக இருக்கிறது, முழு லாட்டையும் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். மதியத்துக்குள் எல்லாம் திரும்பி வந்தது. யாரையும் கேட்காமல் அனுப்பியது என் தப்பு. அவ்வளவு அவசரமாகக் கிறுக்கி வைத்தது அவர் தப்பு. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம். அன்றைக்கு வண்டியில் திரும்பும்போது ஒன்று மட்டும் மனதில் நின்றது. பத்து வருடமாக இந்த ரெஜிஸ்டரைப் பார்க்கிறேன், பாதி நாள் பக்கத்தில் இருக்கிறவரிடம் 'இது என்ன வார்த்தை அண்ணா' என்று கேட்டுத்தான் ஓட்டியிருக்கிறேன். இனிமேல் கேட்கக் கூடாது.

வீட்டில் என் பையன் அப்போது மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். அவனுக்கு கர்சிவ் எழுத ஒரு காப்பி ரைட்டிங் புத்தகம் கொடுத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு எழுத்து, மேலே அச்சடித்த மாதிரி, கீழே எட்டு வரி காலி. தினம் ஒரு பக்கம் வீட்டுப்பாடம். நான் அதே மாதிரி ஒரு புத்தகம் வாங்கி அவனோடு உட்கார்ந்து ஏயிலிருந்து ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் இசட் வரை முடித்துவிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஒரு எழுத்தைப் போடுவேன், பேனாவை எடுப்பேன், அடுத்ததைப் போடுவேன், அப்புறம் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இழுத்து ஒட்டுவேன். பையனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு நர்ஸம்மா இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் இருந்து ரிட்டயர் ஆனவர். ஒவ்வொரு ஷிஃப்டு முடியும்போதும் நோயாளிகளைப் பற்றி கையால் எழுதி வைத்துவிட்டு வந்தவர். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிற நர்ஸ் அதை ஒரே பார்வையில் படித்தாக வேண்டும், மருந்தின் பெயர் மாறக் கூடாது, அளவு மாறக் கூடாது. அவர் வீட்டுப் பால் கணக்கு நோட்டைப் பார்த்திருக்கிறேன். எழுத்து ஓடும், ஆனால் ஒரு எழுத்தையும் தப்பாகப் படிக்க முடியாது. என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இன்னாமா இது, எழுத்தெல்லாம் வரைஞ்சு வெச்சிருக்கிற. எழுதல."

அதற்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆனது. இதைப் படிக்கிறவர்கள் யாராவது கர்சிவ் பழக நினைத்தால், அல்லது பிள்ளைக்குச் சொல்லித் தர நினைத்தால், இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஏ முதல் இசட் வரை வரிசையாகப் போவது அகராதிக்குச் சரி, கைக்குச் சரியில்லை. கை பழக வேண்டியது 26 எழுத்தை இல்லை, நாலு அசைவை. நர்ஸம்மா அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார்: தொட்டில், மேடு, முட்டை, சுருக்கு.

தொட்டில் என்பது மேலிருந்து சாய்வாக இறங்கி, கீழ்க்கோட்டில் வளைந்து, மறுபடி ஏறுவது. மேடு அதற்கு நேர் எதிர்: கீழிருந்து ஏறி, மேலே வளைந்து, சாய்வாக இறங்குவது. முட்டை என்பது கடிகாரம் சுற்றுகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போடுகிற நீள்வட்டம். சுருக்கு என்பது மேலேயோ கீழேயோ போய்த் தன்னைத் தானே வெட்டிக்கொண்டு திரும்புகிற கண்ணி. முதல் மூன்று வாரம் எழுத்தே கிடையாது. நாலு கோடு நோட்டில், நடுவில் இருக்கிற இரண்டு கோட்டுக்குள், ஒரு வரி முழுக்க தொட்டில், ஒரு வரி முழுக்க மேடு. வரி முடிகிற வரை பென்சிலை எடுக்கக் கூடாது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று முதலில் கூச்சமாக இருந்தது. கணவர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

முட்டைதான் எனக்குப் பெரும் பாடாகிவிட்டது. நான் பூஜ்யமே கடிகாரம் சுற்றுகிற பக்கம்தான் போடுவேன், சின்ன வயதுப் பழக்கம். கர்சிவில் ஏ, சி, ஓ, ஜி, க்யூ, டாக்டருக்கு வருகிற டி எல்லாமே எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கிற இடத்தில். அங்கிருந்து மேலே போய், இடது பக்கம் இறங்கி, கீழே வளைந்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்து மூட வேண்டும். பன்னிரண்டு மணியில் ஆரம்பித்தால் மூடும்போது வாய் பிளந்துகொள்ளும். வாய் பிளந்த ஏ, யூ மாதிரி தெரியும். வாய் பிளந்த டி, சியும் எல்லும் பக்கத்தில் நிற்பது போல் தெரியும். "முட்டைய மூடுமா, முட்டைய மூடு" என்று நர்ஸம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

பென்சிலைப் பிடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க வேண்டும், நடுவிரல் அடியில் தாங்க வேண்டும். அழுத்தம் சரியா என்று பார்க்க நர்ஸம்மா இரண்டு சோதனை வைத்திருந்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து பென்சிலை மெல்ல உருவுவார். உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பிடி இறுகியிருக்கிறது. இன்னொன்று, எழுதி முடித்த தாளைத் திருப்பி விரலால் தடவிப் பார்ப்பது. பின்பக்கம் மேடு தட்டினால் அழுத்துகிறீர்கள். என் தாள் முதல் மாதம் முழுக்க கையால் தடவிப் படிக்கிற அளவுக்குப் புடைத்திருந்தது. பால் பாயிண்ட் பேனாவில் வருடக்கணக்காக அழுத்தி எழுதி வந்த பழக்கம் அது. அதனால்தான் பென்சிலில் ஆரம்பித்து, பிறகு நேராக இங்க் பேனாவுக்குப் போகச் சொன்னார். இங்க் பேனாவின் நிப்புக்கு அழுத்தம் வேண்டாம், தொட்டாலே மை இறங்கும். கை தானாக லேசாகிவிடும்.

தாளை நேராக வைத்துக்கொண்டு எழுத்தைச் சாய்க்கப் பார்த்தால் மணிக்கட்டு வலிக்கும். தாளைத்தான் சாய்க்க வேண்டும். வலது கைக்காரர்கள் தாளின் தலைப்பக்கத்தை இடது பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டு, கோட்டை உடம்பை நோக்கி இழுத்தால், சாய்வு தானாக விழும். என் பையன் இடது கைக்காரன். வீட்டில் பெரியவர்கள் அவன் கையை மாற்றச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் பாதி மனதாக ஒத்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா ஒரே வார்த்தையில் நிறுத்திவிட்டார். கையை மாற்றாதே, தாளை மாற்று. அவனுக்குத் தாள் வலது பக்கம் சாய வேண்டும். கை எழுதுகிற வரிக்குக் கீழே இருக்க வேண்டும், வரிக்கு மேலே வளைத்துக்கொண்டு எழுதினால் எழுதினதெல்லாம் உள்ளங்கையில் ஒட்டும். பென்சிலை நுனியிலிருந்து மற்றவர்களை விடக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் எழுதுவது கண்ணுக்குத் தெரியும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பையனின் முழங்கை இடிக்காது. இதை அவன் டீச்சரிடம் நானே போய்ச் சொல்லி வந்தேன். இடது கைப் பிள்ளை இருக்கிற வீட்டில் இதை மட்டுமாவது செய்யுங்கள், பிள்ளை படுகிற பாடு பாதியாகக் குறையும்.

மூன்று வாரம் கழித்து எழுத்துக்கு வந்தோம். வரிசை இப்படி: முதலில் தொட்டில் எழுத்துகள், அதாவது சின்ன ஐ, யூ, டேபிளுக்கு வருகிற டி. பிறகு ஈயும் எல்லும். இரண்டும் ஒரே சுருக்குதான், ஈ குட்டி, எல் நெட்டை. பிறகு மேட்டு எழுத்துகளான என், எம். அப்புறம் முட்டைக் குடும்பம். அப்புறம் மேல் சுருக்கும் கீழ்ச் சுருக்கும் வருகிற ஹெச், கே, எஃப், ஜே, ஒய். ஆரும் எஸ்ஸும் கடைசியில். இரண்டு எழுத்து கற்றதுமே அன்றைக்கே அதைச் சேர்த்து எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். ஐ மட்டும் ஒரு வரி என்று எழுத விடமாட்டார். ஐயும் டியும் சேர்ந்த 'இட்' ஒரு வரி.

அப்போதுதான் என் கை ஏன் நின்றது என்று புரிந்தது. ஒவ்வொரு எழுத்தும் முடிகிற வால்தான் அடுத்த எழுத்தின் தலை. நான் எழுத்தைத் தனியாகக் கற்றேன், வாலை அலங்காரம் என்று நினைத்தேன். இதை எங்கள் தையல் மிஷினோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது இன்னும் தெளிவானது. வளைவில் தையல் போகும்போது நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் தையல் கோணிக்கொள்ளும், செக்கர் கண்ணுக்கு உடனே தெரியும். நல்ல டெய்லர் வளைவை ஒரே ஓட்டமாக ஓட்டி, கூர் முனை வந்ததும் ஊசியைத் தோலுக்குள் இறக்கி வைத்துத்தான் நிறுத்துவார். மிஷினின் பாதத்தைத் தூக்கி, தோலைத் திருப்பி, மறுபடி ஓட்டுவார். பேனாவுக்கும் அதே கணக்கு. மூச்சு வாங்க வேண்டுமா, ஐயின் உச்சி, டியின் உச்சி, எஸ்ஸின் முனை மாதிரி கூரான இடத்தில் பேனாவைத் தாளில் வைத்தபடி நில். இணைப்புக் கோட்டின் நடுவில் நிற்காதே. ஐக்குப் புள்ளி, டிக்குக் குறுக்குக் கோடு எல்லாம் வார்த்தை முழுக்க முடிந்த பிறகு திரும்பி வந்து போடுவது. நடுவில் போட்டால் ஓட்டம் அறுந்துவிடும்.

இணைப்பில் இரண்டு விதம் இருக்கிறது. பெரும்பாலான எழுத்துகள் கீழ்க்கோட்டில் முடிந்து அங்கிருந்து ஏறும். அது சுலபம். ஆனால் ஓ, வி, டபிள்யூ, பஸ்ஸுக்கு வருகிற பி, இந்த நாலும் மேலே, நடுக்கோட்டில் முடியும். அங்கிருந்து ஒரு சின்னப் பாலம் போட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். அடுத்த எழுத்து வழக்கமான கீழ் ஏற்றம் இல்லாமல் மேலிருந்தே தொடங்கும். கீழே இறங்கி ஏறினால் ஓ, ஏ ஆகிவிடும். எனக்கு இதில் சரியான பயிற்சி வார்த்தை என் ரெஜிஸ்டரிலேயே கிடைத்தது: 'ப்ரவுன்'. எங்கள் வேலையில் நாளைக்கு நாற்பது தடவை எழுதுகிற நிறம். ஐந்தே எழுத்து, அதில் மூன்று பாலம். பியிலிருந்து ஆருக்கு ஒன்று, ஓவிலிருந்து டபிள்யூவுக்கு ஒன்று, டபிள்யூவிலிருந்து என்னுக்கு ஒன்று. 'பிளாக்' என்று எழுதிப் பாருங்கள், முதலில் ஒரே ஒரு பாலம், அதற்கு மேல் தடையே இல்லாமல் ஓடும். கறுப்பு லாட் வந்தால் அப்பாடா என்று இருந்த நாட்கள் உண்டு. காலையில் வண்டி திருவலத்தில் பொன்னை ஆற்றைக் கடக்கும்போது மடியில் விரலாலேயே ப்ரவுன் எழுதிப் பழகுவேன்.

இன்னொரு வார்த்தை 'மினிமம்'. சேர்த்து எழுதினால் அதில் இறங்கு கோடு மொத்தம் 15. எம்முக்கு மூன்று, ஐக்கு ஒன்று, என்னுக்கு இரண்டு, ஐக்கு ஒன்று, மறுபடி எம்முக்கு மூன்று, யூவுக்கு இரண்டு, கடைசி எம்முக்கு மூன்று. பதினைந்தும் ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும். எழுதிவிட்டு ஒவ்வொரு இறங்கு கோட்டின் மேலும் ஸ்கேலை வைத்து மெல்லிசாகக் கோடு நீட்டிப் பாருங்கள். எது தனியாகச் சாய்ந்திருக்கிறதோ அது மற்றதை வெட்டும். நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல வழி. தலைகீழாக இருக்கும்போது நாம் வார்த்தையைப் படிப்பதில்லை, வடிவத்தை மட்டும் பார்க்கிறோம். கோணல் கண்ணில் குத்தும்.

இந்தப் பயிற்சியின்போதுதான் என் பழைய வழக்குக்கும் விடை கிடைத்தது. வேகம் கூடினால் கை சோம்பேறியாகும். மேடு போட வேண்டிய இடத்தில் தொட்டில் போட்டுவிடும், ஏனென்றால் தொட்டில் சுலபம். அப்படி என், யூ ஆகிவிடும். அன்றைக்கு அந்த மேற்பார்வையாளர் 'அன்ஈவன்' எழுதியதில் முதல் யூவும் அடுத்த என்னும் ஒரே மாதிரி நாலு தொட்டிலாக ஓடியிருந்தன. நான் அதை ஒரு எஸ்ஸாகச் சுருக்கிவிட்டேன். இப்போது புரியாத கையெழுத்து வந்தால் வார்த்தையை ஊகிக்கப் போவதில்லை. இறங்கு கோட்டை எண்ணுகிறேன். புள்ளி எத்தனை, குறுக்குக் கோடு எத்தனை, உயரமான எழுத்து எங்கே, கீழே தொங்குவது எங்கே என்று பார்க்கிறேன். பத்தில் ஒன்பது அப்படியே அவிழ்ந்துவிடும். எழுதக் கற்றால்தான் படிக்க வரும் என்று நர்ஸம்மா முதல் நாளே சொன்னார். கை எப்படிப் போயிருக்கும் என்று தெரிந்தால்தான் கண் பின்னால் போகும்.

விரல் வலி பற்றி அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. 1890களில் அமெரிக்காவில் ஆஸ்டின் பால்மர் என்பவர் பரப்பிய முறையில் விரலை அசைத்து எழுதுவதை விட முன்கையை மேசையில் தாங்கிக்கொண்டு கையோடு எழுதுவதுதான் முக்கியம். அலுவலகத்தில் நாள் முழுக்க எழுதுகிறவர்களுக்காக வந்த முறை அது. தினமும் எழுத ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வரி முட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருள் மாதிரி, ஒரு வரி சாய்வுக் கோட்டை மேலும் கீழுமாக, கையை அசைத்தே போட வேண்டும். நான் இரண்டு நிமிடம் அதைச் செய்துவிட்டுத்தான் தொடங்குவேன். அதே அமெரிக்காவில் கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் பல பள்ளிகள் கர்சிவைக் கைவிட்டன. பிறகு கலிஃபோர்னியாவில் 2023இல் ஒரு சட்டம் போட்டு ஒன்று முதல் ஆறாம் வகுப்பு வரை திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊரில் கைவிடவே இல்லை. சொல்லித் தருகிற விதத்தை மாற்றினால் போதும். எழுத்துக்கு ஒரு பக்கம் வீட்டுப்பாடம் கொடுத்துப் பிள்ளைகளை வரைய வைக்காமல், முதல் மாதம் தொட்டிலும் மேடும் போட வைத்தால் என் மாதிரிப் பலர் தப்பித்திருப்போம்.

சாமான் ஒன்றும் அதிகம் வேண்டாம். நாலு கோடு நோட்டு வேலூர் லாங் பஜாரில் கடைக்குக் கடை கிடைக்கும். தாள் கொஞ்சம் தடிமனாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மெல்லிய தாளில் மை ஊறிப் பின்பக்கம் வந்துவிடும். எச்பி பென்சில், ஸ்கேல், பிறகு ஒரு சாதாரண இங்க் பேனா. எங்கள் ஊர் வெயிலைப் பற்றித் தெரியும். நான் இங்க் பேனாவுக்கு மாறியது சரியாக ஏப்ரல் கடைசியில். உள்ளங்கை வியர்வையில் தாள் ஒட்டிக்கொண்டு வரும், எழுதினது கரையும். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டு, வரி மாறும்போது அதையும் நகர்த்திக்கொண்டே எழுதினேன். இன்னும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நேரம்? இரவு சாப்பிட்டுப் பாத்திரம் கழுவின பிறகு 15 நிமிடம். அதற்கு மேல் போனால் கை இறுகும், இறுகின கையோடு பழகினால் தப்பாகத்தான் பழகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எழுதி ஆறு நாள் விடுவது வீண் வேலை, நான் செய்து பார்த்துவிட்டேன். நாலாவது வாரத்திலிருந்து எழுத்து, இரண்டாவது மாதத்திலிருந்து வார்த்தை, நாலாவது மாதம் நாலு கோட்டிலிருந்து ஒற்றைக் கோட்டு நோட்டுக்கு மாறினேன். மாறின வாரம் எழுத்தெல்லாம் வீங்கிப் போனது. நர்ஸம்மா வரிக்கு நடுவில் பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டுக்கொள்ளச் சொன்னார், பத்து நாளில் அது தேவைப்படவில்லை. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் ஒரு சின்ன ஓ நுழைகிற அளவு இடம்.

பெரிய எழுத்துகளுக்கு நான் ரொம்ப மெனக்கெடவில்லை. பழைய முறைப் பெரிய க்யூ பார்க்க 2 மாதிரி இருக்கும். லாட் நம்பர் எழுதுகிற ரெஜிஸ்டரில் அது ஆபத்து. அச்சில் இருக்கிற பெரிய எழுத்தையே போட்டுவிட்டு அதன் பக்கத்திலிருந்து கர்சிவைத் தொடங்குகிறேன். ஓ, வி, டபிள்யூ மாதிரிப் பெரிய எழுத்துகள் எப்படியும் பெரும்பாலும் அடுத்ததோடு சேர்வதில்லை. நர்ஸம்மாவுக்கு இதில் என்னோடு உடன்பாடில்லை. பெரிய எழுத்தில்தான் கையின் அழகு தெரியும் என்பார். அவர் போடுகிற பெரிய ஜியைப் பார்க்கும்போது அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றும். ஆனாலும் எனக்குப் படிக்க முடிந்தால் போதும்.

ஆர் இன்னும் சரியாக வரவில்லை. ஏறி, மேலே ஒரு சின்னத் தோள் வைத்து, இறங்க வேண்டும். என் தோள் சில நேரம் காணாமல் போய் ஐ ஆகிவிடுகிறது, சில நேரம் பெரிதாகி என் ஆகிவிடுகிறது. தனி நோட்டில் 'மிரர்', 'எரர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது இருக்கிற யூனிட்டில் ரெஜிஸ்டர் என் பொறுப்பு. என் சொந்த நோட்டு, வீட்டுக் கணக்கு, பையனின் டீச்சருக்கு எழுதுகிற லீவ் லெட்டர் எல்லாம் கர்சிவ்தான். ரெஜிஸ்டரில் மட்டும் குறை எழுதுகிற பத்தியில் இன்னும் தனித்தனி எழுத்தே எழுதுகிறேன். போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள், என்னைப் போலத் தமிழ் வழியில் படித்தவள். பழைய பக்கத்தைக் காட்டி "அக்கா, இது இன்னா வார்த்தைக்கா" என்றாள். ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்காரச் சொல்லி, பென்சிலைக் கையில் கொடுத்து, இறங்கு கோட்டை எண்ணச் சொன்னேன். ஏழு எண்ணினாள். மறுபடி எண்ணச் சொன்னேன்.